பைனஸ் மரம் கடைவோர் கவனத்திற்கு

இலுப்பைக்கடவைப் பக்கம் பாலை, முதிரை என்று வைர மரங்களில் கை பழகியவர்களே அதிகம். கடைச்சல் தொழிலைப் புதிதாக ஆரம்பிக்க விரும்பும் சகோதரர்கள், பைனஸ் மரம் சரிவருமா என்று என்னிடம் கேட்பதுண்டு. மென்மையான மரம், கை பழக நல்லது. ஆனால் மலையகத்தில் நடப்பட்ட கரீபியன் பைனஸ், பால் எடுக்கப்படும் மரம். அந்தப் பிசினில்தான் சிக்கல்.

மழுங்கிய உளி மென்மரத்தை வெட்டாது, நாரைப் பிய்க்கும். ஆகவே வைர மரத்திற்குத் தீட்டுவதிலும் கூடுதலாகத் தீட்ட வேண்டும். உளியை அழுத்தினால் சூடேறி, பிசின் இளகி அதன் வாயில் அப்பிவிடும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். (டர்பன்டைனும் பைனஸ் பாலில் வடித்ததுதான்!) சாண்ட் பேப்பர் பிடிக்கும்போது வேகத்தைக் குறையுங்கள்; இல்லாவிட்டால் தாள் உடனே அடைத்துவிடும்.

மரத்தை நிழலில் உலர்த்தினால் ஈரம் போகும், பிசின் போகாது. சூளையில் 70 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றினால்தான் அது இறுகும். சூளை காணாத மரத்தில் கடைந்த கதிரைக்கால், நம் பகுதி வெயிலுக்கு வார்னிஷையும் மீறிக் கசியும். அடியில் அரக்குப் பூச்சு கொடுத்தால் ஓரளவு தடுக்கலாம். கணுவில் அதுவும் நிச்சயமில்லை.

மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை அறிவோம். பிசின் கணுவை வார்னிஷால் மூடி விற்பதும் எனக்கு அப்படித்தான் படுகிறது. கணு விழுந்த கால்களை நான் தனியாக வைத்து, குறையைச் சொல்லி, விலை குறைத்தே கொடுக்கிறேன்.