விற்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா?

விற்கப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது கூடுமா என்று கேட்டால், “இதற்குமா மஸ்அலா?” என்று சிலர் சிரிப்பார்கள். தாராளமாகக் கூடும். ஒட்டடை அடித்து, முற்றம் பெருக்கி, உடைந்த ஓட்டை மாற்றி, வருகிறவர் கண்ணுக்கு இலட்சணமாக வீட்டை வைப்பதில் குற்றமில்லை. அந்தச் சுண்ணாம்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மண்ணின் குணம் அங்குள்ளோர் அறிந்ததே. மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமில்லாவிட்டால் மண்ணோடு சுவரும் அசையும். நிலையின் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அதைச் சிமெண்டால் அடைத்துப் பூசி வெள்ளையடித்தால் அடுத்த கோடைவரை தெரியாது. அதற்குள் பத்திரம் முடிந்துவிடும்! இதற்கு ‘மராமத்து’ என்று பெயர் வேறு.

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. கவனியுங்கள்: மழை அவர் செய்த குற்றமன்று, நனைந்ததை விற்கவே கூடாதென்றும் சொல்லப்படவில்லை. மறைத்ததுதான் குற்றம்.

விலையைக் குறைக்கக்கூடிய பழுதை மார்க்கச் சட்டத்தில் ‘அய்பு’ என்பார்கள். விற்கும்போதே இருந்த அய்பு பின்னால் தெரியவந்தால், வாங்கியவருக்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமை உண்டு. முன்கூட்டியே சொல்லி, அவரும் சம்மதித்து வாங்கினால் அந்த உரிமை இல்லை. ஆகவே சொல்லிவிடுவது விற்பவருக்கே பாதுகாப்பு. “பார்த்தது பார்த்தபடி, எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல” என்று பொதுவாகச் சொன்னால் ஹனஃபி மத்ஹபில் ஒப்பந்தம் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் வீட்டுக்கு அச்சொல் போதாது. எப்படியாயினும், தெரிந்தே மறைத்த பாவம் அந்தச் சொல்லால் கழுவப்படாது. நாட்டுச் சட்டமும் இதற்கு விரோதமில்லை. வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை தமக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு. வீட்டின் பழுது மட்டுமல்ல, உரிமையிலுள்ள பழுதும் அதில் அடங்கும்.

நம் வீடுகளில் பெரிய விரிசல் அங்கேதான் இருக்கிறது. அத்தா மௌத்தான பிறகு வீட்டு வரி ரசீது மூத்த மகன் பெயருக்கு மாறியிருக்கும். அக்கா தங்கைமார் வாய் திறந்து கேட்டிருக்கமாட்டார்கள். கேட்காததால் பங்கு போய்விடாது. மகனுக்குரியதில் பாதி மகளுக்கு அல்லாஹ் விதித்தது. அவர்கள் சம்மதமின்றி அந்தப் பங்கை விற்க அண்ணன் தம்பிகளுக்கு அதிகாரமில்லை. வெள்ளையடிக்க ஆள் கூப்பிடுமுன் உடன்பிறந்தாளைக் கூப்பிடுங்கள். அடமானம், நடைபாதைத் தகராறு இருந்தால் அதையும், வில்லங்கச் சான்றில் அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடாமல், நீங்களே சொல்லிவிடுங்கள்.

தரகரிடம் போகுமுன் அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அபூராஃபிஉ (ரலி) அவர்கள் தமது இரு அறைகளை ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு விற்க முன்வந்தார்கள். ஸஅது கேட்டதோ 4000 திர்ஹத்துக்கு, அதுவும் தவணையில். வேறொருவர் 500 தீனார் தருவதாகச் சொல்லியிருந்தார். தீனாருக்குப் பத்துத் திர்ஹமாக எண்ணினாலும் 5000. ஆயினும் பக்கத்தில் உள்ளவருக்கே உரிமை அதிகம் என்று நபியவர்களிடம் கேட்டிருந்ததால், அபூராஃபிஉ அந்த 4000-க்கே ஸஅதுக்குக் கொடுத்துவிட்டார்கள். புகாரியில் இருக்கிறது.