தோடை மரத்துக்கு வெப்பச் சிகிச்சை: புளோரிடாவின் அனுபவமும் வீட்டுக் கறிவேப்பிலையும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிக்கு மேற்பட்ட தோடம்பழம் அறுவடையாயிற்று. ஒரு பெட்டி ஏறத்தாழ 41 கிலோ. 2022-23 பருவத்தில் அறுவடை 1.6 கோடிப் பெட்டி அளவுக்குச் சுருங்கியது. சூறாவளிகளும் இச்சரிவில் பங்கு கொண்டன. ஆயினும் முதன்மைக் காரணம் 2005ஆம் ஆண்டில் அங்கே கண்டறியப்பட்ட ஒரு பற்றீரியா நோயாகும். சீன மொழியில் அதன் பெயர் ஹுவாங்லோங்பிங். பழம் முற்றிய பின்னரும் அதன் அடிப்பாகம் பச்சையாகவே நிற்பதால் ஆங்கிலத்தில் அதனைக் கிரீனிங் என்றும் அழைப்பர். பழம் கோணலாகும், சாறு கசக்கும், நாளடைவில் மரம் பட்டுப்போகும்.

இந்நோய்க் கிருமி, இலைகள் ஆக்கும் உணவை மரம் முழுவதும் கொண்டுசெல்லும் உரியக் குழாய்களுக்குள் வாழ்கிறது. இலைமீது தெளிக்கும் மருந்து அங்கு எளிதிற் சென்றடைவதில்லை. ஆனால் வெப்பம் மரப்பட்டையைக் கடந்து உள்ளே செல்லும். கிருமி தாங்காத, ஆனால் மரம் தாங்கக்கூடிய ஒரு சூட்டைக் கண்டுபிடித்தால் மரத்தைக் காப்பாற்றலாம் என்பதே வெப்பச் சிகிச்சையின் அடிப்படை. இது புதிய எண்ணமன்று. ஒட்டுவதற்கு வெட்டிய சிறு கிளைகளைச் சூடான ஈரக்காற்றில் வைத்துத் தூய்மையாக்கும் முறையைச் சீன ஆய்வாளர்கள் 1960களிலேயே பரிசோதித்தனர்.

அமெரிக்க வேளாண் திணைக்கள ஆய்வாளர்கள், சாடியில் வளர்ந்த நோயுற்ற கன்றுகளை 40 முதல் 42 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 48 மணி நேரம் தொடர்ந்து வைத்தனர். கிருமி வெகுவாகக் குறைந்தது. சில கன்றுகளில் அறவே மறைந்தது. 2013இல் வெளியான இம்முடிவு தோட்டக்காரருக்குப் பெரும் நம்பிக்கையளித்தது. வளர்ந்த மரங்களைத் தெளிவான பிளாஸ்ரிக் கூடாரத்தால் மூடி, வெயிலின் சூட்டையே மருந்தாக்க முயன்றனர். முகில் மறைத்தால் சூடு போதவில்லை. வெயில் மிகுந்தால் இலை கருகியது. ஒவ்வொரு மரத்துக்கும் பல நாட்கள் தேவைப்பட்டன. எனவே, மரத்தின்மேல் ஒரு மூடியை இறக்கி, ஏறத்தாழ 54 பாகை நீராவியை அரை நிமிடமளவில் செலுத்தும் நடமாடும் இயந்திரங்களைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர் உருவாக்கினர்.

மரங்கள் மீண்டும் தளிர்த்தன. ஆனால் அத்தளிர்ப்பு நிலைக்கவில்லை. சாடியிலுள்ள கன்று வேரோடு சூடேறும். நிலத்தில் நிற்கும் மரத்தின் வேரோ குளிர்ந்த மண்ணுக்குள் இருக்கிறது. சூடு கிளைகளில் இருந்த கிருமியைக் கொன்றாலும் வேரில் தங்கியது மீண்டும் மேலேறியது. அத்துடன், நோயைப் பரப்பும் சிலிட் என்னும் பூச்சி அயல் மரங்களிலிருந்து பறந்துவந்து புதிய தளிரைக் குத்தியது. அது பெரிதும் விரும்புவதும் தளிரையே. சிகிச்சை பெற்ற மரம் பூச்சிக்கு விருந்து வைத்தது போலாயிற்று. 2022 முதல் புளோரிடாவில் அடிமரத்தினுள் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றப்படுகிறது. அதுவும் மரத்தின் ஆயுளை நீட்டுமேயன்றி நோயை முற்றாக நீக்காது. நோயுற்ற மரத்தை நிலைத்த குணமாக்கும் சிகிச்சை இன்றுவரை இல்லை.

இச்செய்தி நியூ சவுத் வேல்ஸில் வாழும் தமிழருக்கு ஏன் வேண்டும்? அந்நோயும் அதனைப் பரப்பும் ஆசியச் சிலிட்டும் அவுஸ்திரேலியாவில் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் இரண்டும் உண்டு. அப்பூச்சி செழித்துப் பெருகும் செடிகளுள் ஒன்று கறிவேப்பிலை. கறிவேப்பிலை மரம் இந்நோயால் வாடுவதில்லை. ஆகவே அதனைப் பார்த்து எவரும் ஐயுறுவதுமில்லை. வேலியாக நடப்படும் முராயாவும் இப்பூச்சியைத் தாங்கும். பயணப்பெட்டியில் மறைத்துக் கொண்டுவரும் ஒரு கறிவேப்பிலைக் கன்றின் தளிரில், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத முட்டைகள் இருக்கலாம்.

இலை, விதை, கன்று எதுவாயினும் வருகை அட்டையில் அறிவிக்க வேண்டும். அறிவித்த பொருளை அதிகாரி எடுத்துக்கொள்ளக்கூடும். அறிவித்தமைக்காகத் தண்டப்பணம் விதிக்கப்படுவதில்லை. மறைத்தல் வேறு விடயம். நியூ சவுத் வேல்ஸின் 2015ஆம் ஆண்டு உயிர்ப்பாதுகாப்புச் சட்டம், ஆபத்தை அறிந்தவர் மீது மட்டுமன்றி, நியாயமாக அறிந்திருக்க வேண்டியவர் மீதும் அதனைத் தடுக்கும் கடமையைச் சுமத்துகிறது. கறிவேப்பிலை வளர்ப்பவர் "தெரியாது" என்று கூறித் தப்புவது எளிதன்று. உள்ளூர் நாற்றுப்பண்ணைகளில் கன்று வாங்கலாம் என்னும்போது அந்தச் சிக்கலுக்குத் தேவையுமில்லை.

தளிர் விடும் காலத்தில் கறிவேப்பிலை, தேசி, தோடை மரங்களின் குருத்தை உற்றுநோக்குதல் நன்று. வளர்ந்த சிலிட் 3 முதல் 4 மில்லிமீற்றர் நீளமானது; தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைச் சரிவாக உயர்த்தி அமரும். அதன் இளம் பூச்சிகள் மஞ்சள் நிறமானவை; வெண்ணிற மெழுகு நூல்களை வெளியிடும். தேசி அல்லது தோடை இலை மஞ்சளானால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. உரக்குறைவால் வரும் மஞ்சள் பெரும்பாலும் நடுநரம்பின் இருபுறமும் ஒத்திருக்கும். இந்நோயின் மஞ்சளோ ஒருபுறம் ஒருவிதமாகவும் மறுபுறம் வேறுவிதமாகவும் திட்டுத்திட்டாகப் படரும்.

ஐயம் எழுந்தால் கிளையை வெட்டி அயலவரிடமோ செடிக்கடைக்கோ கொண்டுசெல்லக் கூடாது. பூச்சியும் உடன் செல்லும். செடியை இருந்த இடத்திலேயே விட்டு, ஒளிப்படம் எடுத்து, வெளிநாட்டுத் தாவரப் பீடைகளுக்கான அவசர இலக்கமாகிய 1800 084 881ஐ அழைக்க வேண்டும். ஆங்கிலத்தில் உரையாட இயலாதோர் முதலில் 131 450ஐ அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன் அவ்விலக்கத்துடன் இணைக்குமாறு கேட்கலாம்.