திரையில் தெரிந்த நகரம்

தொலைவில் நிகழும் பேரிடரை நாம் ஊடகங்களின் வழியாகவே அறிகிறோம். திரையில் தோன்றுவதே முழு உண்மை என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை மீட்புப் பணியையே பாதிக்கக்கூடும் என்பதற்கு, 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த நிகழ்வு ஒரு சான்றாகும்.

ஆகஸ்ட் 29ஆம் நாள் கத்ரீனா சூறாவளி லூசியானா மாநிலத்தைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்ததால், நகரத்தின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. வெளியேற வழியில்லாத பல்லாயிரம் பேர் சூப்பர்டோம் விளையாட்டரங்கில் தஞ்சம் புகுந்தனர்.

தொலைபேசித் தொடர்புகள் செயலிழந்ததால் தகவல்களைச் சரிபார்ப்பது கடினமாயிற்று. அந்நிலையில் வதந்திகள் செய்திகளாக மாறின. அரங்கினுள் கொலைகள் நடப்பதாகவும் பிணங்கள் குவிந்து கிடப்பதாகவும் செய்திகள் பரவின. நகர மேயரும் காவல்துறைத் தலைவரும்கூட அத்தகைய தகவல்களைத் தொலைக்காட்சியில் கூறினர். சில கடைகள் சூறையாடப்பட்டது உண்மைதான். ஆனால், அக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானபோது, நகரம் முழுவதுமே கொள்ளையர்களின் கையில் சிக்கிவிட்டதைப் போன்ற தோற்றம் உருவாகியது.

சொற்களும் பார்வையை மாற்றின. உணவுப் பொருள்களுடன் வெள்ளத்தில் நடந்து செல்வோரைக் காட்டும் இரு படங்களை இரு செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. கறுப்பின இளைஞர் அவற்றைக் கடையில் ‘கொள்ளையடித்தார்’ என ஒரு படத்தின் குறிப்பு கூறியது. வெள்ளையர் இருவர் அவற்றைக் ‘கண்டெடுத்தனர்’ என மற்றொரு குறிப்பு கூறியது.

இதன் விளைவு என்ன? ஆகஸ்ட் 31ஆம் நாள், மீட்புப் பணியில் இருந்த ஏறத்தாழ 1,500 காவலர்களை, கொள்ளையைத் தடுக்கச் செல்லும்படி மேயர் பணித்தார். அப்போதும் பலர் கூரைகளின்மேல் உதவிக்காகக் காத்திருந்தனர்.

பின்னர், நூற்றுக்கணக்கான உடல்களை எதிர்பார்த்து, குளிரூட்டப்பட்ட லாரியுடன் மருத்துவக் குழுவினர் சூப்பர்டோமுக்குச் சென்றனர். அங்கு இருந்தவை ஆறு உடல்களே. அவர்களுள் எவரும் கொலை செய்யப்பட்டவர் அல்லர். இந்த உண்மையை ஒரு மாதத்திற்குள் விசாரித்து வெளியிட்டதும் அந்நகரின் நாளிதழான டைம்ஸ் பிக்கயூன்தான். அரசு உதவி தாமதமானதை உலகறியச் செய்தவர்களும் செய்தியாளர்களே. ஆகவே, ஊடகங்களை முற்றிலும் புறக்கணிப்பது தீர்வாகாது.

பேரிடர்ச் செய்தியைக் காணும்போது சில கேள்விகளை எழுப்ப வேண்டும். இதை நேரில் கண்டவர் யார்? இது பல இடங்களில் நடந்ததா, ஒரே காட்சி மீண்டும் வருகிறதா? திரையில் இடம்பெறாதவர் யார்? கத்ரீனாவால் லூசியானாவில் உயிரிழந்தவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள். கொள்ளைக் காட்சிகளுக்கு நடுவே, அவர்களது நிலையை எத்தனை பேர் அறிந்திருப்பர்?

சிந்தித்து விடை கூறுக:
1. வதந்திகள் செய்திகளாக மாறியதற்குரிய காரணங்கள் யாவை?
2. நீங்கள் செய்தியாளராக இருந்திருந்தால், அவ்விரு படங்களுக்கும் எத்தகைய குறிப்பு எழுதியிருப்பீர்கள்? ஏன்?