குடத்துக்குள் போன ஓலை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் கதைகளும் வந்தன. போட்டியில் பெயர் வரவில்லை, பத்திரிகையிலிருந்து பதிலே இல்லை, ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து வாலாஜாபாத் வந்து ராத்திரி கண்விழித்து எழுதியதெல்லாம் வீண்தானா என்று கேட்டிருக்கிறாய்.

போட்டியை முதலில் பேசிவிடலாம். பக்கத்து ஊர் உத்திரமேரூரில் சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டைப் பார்த்திருப்பாய். ஊர்ச் சபையின் வாரியத்துக்கு வருகிறவனுக்கு வரி கட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, கல்வி என்றெல்லாம் தகுதி வைத்தார்கள். தகுதி உள்ளவர்களின் பெயர்கள் ஓலையில் ஏறிக் குடத்துக்குள் போகும். பிறகு ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் கைவிட்டு எடுப்பான். பரிசும் ஏறக்குறைய அப்படித்தான். தகுதியை உழைத்துச் சேர்க்கலாம். பையன் கையில் எது சிக்கும் என்று நீ கவலைப்பட்டு ஆகப்போவதில்லை. (நடுவர்கள் கோபித்துக்கொள்வார்கள். நானும் நடுவராக உட்கார்ந்தவன்தான்.)

பதிலே வராததுதான் கொடுமை. ப. சிங்காரத்தின் முதல் நாவல் ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் பரிசு வாங்கியது. அந்தப் பரிசு அடுத்த நாவலுக்குக் கைகொடுக்கவில்லை. 1962 வாக்கில் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ அச்சேற 1972 ஆனது. இன்று தமிழின் மிகச் சிறந்த நாவல்களைப் பட்டியலிடுகிற யாரும் அதை விட்டுவிடுவதில்லை. ஆனால் மனிதர் அதற்குப் பிறகு நாவல் எழுதவில்லை. மதுரையில் தினத்தந்தி வேலை, ஒய்.எம்.சி.ஏ. அறை, தனிமை என்றே வாழ்ந்து 1997இல் காலமானார். புறக்கணிப்பு எழுத்தாளனைப் பட்டை தீட்டும் என்று மேடையில் சொல்வார்கள். நம்பாதே. சிங்காரத்தின் மூன்றாவது நாவல் எங்கே என்று அவர்களிடம் கேள்.

நாவல் ஜெயித்தது, எழுதியவர் பேனாவை மூடிவிட்டார். இவை இரண்டு தனிக் கணக்குகள். சி.சு. செல்லப்பாவைப் பார், கணக்கு தலைகீழாக இருக்கும். 1959இல் அவர் தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகை 1970இல் நின்றது. புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். வியாபாரமாகப் பார்த்தால் எல்லாமே நஷ்டம். ஆனாலும் எண்பதைத் தாண்டிய வயதில் ‘சுதந்திர தாகம்’ என்று மூன்று பாகங்களைக் கொண்டுவந்தார். சாகித்ய அகாதெமி விருது 2001இல் வந்தபோது அவர் இல்லை. விருதுக்காகக் காத்திருந்திருந்தால் அந்த மூன்று பாகங்களும் வந்திருக்காது.

முதல் கணக்கை நீ எழுத முடியாது. இரண்டாவது உன் கையில் ஓரளவு இருக்கிறது. கம்பெனி வேலையை விடாதே. வாலாஜாபாத்திலோ காஞ்சிபுரத்திலோ கதை படிக்கிற நாலு பேரைத் தேடிப் பிடி. பாராட்டுகிறவர்களாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முழுக்கப் படித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களாக இருக்கட்டும். சிங்காரத்துக்கு அப்படி நாலு பேர் பக்கத்தில் இருந்திருந்தால் என்று அடிக்கடி நினைப்பேன்.

உன் பாலாற்று மணல் லாரிக் கதையைப் பற்றி ஒன்று. டிரைவரின் மனைவி இரண்டே வரிதான் வருகிறாள். கதை அவளிடம்தான் இருக்கிறது. திருப்பி எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்