மழை பொய்த்தாலும் பங்கு பொய்க்கக் கூடாது

வறட்சி என்றால் மழை இல்லை, அவ்வளவுதானே என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் வறட்சி படிப்படியாக வருகிறது. முதலில் மழை குறையும். அடுத்து மண்ணின் ஈரம் காயும். தேயிலை துளிர்க்காது, கொழுந்து குறையும், வேலை நாளும் குறையும். கடைசியில் ஊற்று வற்றி, பீலியில் தண்ணி நூல் மாதிரி ஒழுகும். பிறகு மழை பெய்தாலும் ஊற்று உடனே ஊறிவிடாது.

மழை ஏன் பொய்க்கிறது?

நம் மலைநாட்டுக்கு இரண்டு பருவக்காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் காற்று. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் கொட்டித் தீர்க்கும். மலையைத் தாண்டும்போது அந்தக் காற்றில் ஈரம் தீர்ந்துபோகும். பதுளை, பண்டாரவளை பக்கம் காய்ச்சல்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று. ஊவாவுக்கு மழை, மேற்குச் சரிவுக்கு வெயில்.

சில வருடங்களில் பசுபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும். இதை எல் நினோ என்பார்கள். அப்போது காற்றின் போக்கு மாறி, நமக்கு வரவேண்டிய பருவமழையும் குறைவதுண்டு. 1991-ல் இலங்கையில் சுமார் 24 கோடி கிலோ தேயிலை உற்பத்தியானது. வறட்சி கண்ட 1992-ல் சுமார் 18 கோடி கிலோதான்.

ஒரே வறட்சி, இரண்டு முடிவு

1876-ல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. மறு வருடமும் கஷ்டம் தீரவில்லை. ரயில் இருந்தது, கப்பல் இருந்தது. இருந்தும் தானிய வியாபாரத்தில் தலையிட மாட்டோம் என்றது வெள்ளைக்கார அரசாங்கம். விலை ஏறியது, ஏழைக்கு எட்டவில்லை. பல லட்சம் பேர் செத்தார்கள். அந்தப் பஞ்சத்துக்குத் தப்பி இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களும் நம் முன்னோரில் உண்டு.

நம் நாட்டு உலர் வலயத்திலே வேறொரு வழக்கம் இருக்கிறது. குளத்தில் தண்ணி குறைந்தால் விவசாயிகள் கூட்டம் கூடுவாங்க. குளத்துக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் அந்தப் போகத்துக்கு எடுத்து, எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பாங்க. தூரத்து வயல்காரருக்கும் அதில் பங்கு உண்டு. இதற்குப் பெயர் பெத்ம. விளைச்சல் குறையும், ஆனால் ஒருத்தரும் வெறுங்கையோடு நிற்க மாட்டாங்க.

மழையை நாம் தடுக்கவோ வரவைக்கவோ முடியாது. இருக்கிறதைப் பங்கிடுவது நம் கையில்தான்.

நம் தோட்டத்தில்

ஊற்றுக்கு மேலே உள்ள காட்டு மரங்களை விறகுக்கு வெட்ட வேண்டாம். அந்த இடத்தில் தண்ணியை அதிகம் இழுக்கும் யூக்கலிப்டஸ் வைக்கவும் வேண்டாம். கவ்வாத்து வெட்டியபின் மிலாறின் இலையும் சிறு கிளையும் மண்ணிலேயே கிடக்கட்டும், ஈரம் தங்கும். வீட்டுத் தோட்டத்திலும் பாத்திக்குப் புல்லும் சருகும் மூடலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பங்கீடு. மேல் லயத்துப் பீப்பாய் நிரம்பி வழியும்போது கீழ் லயத்துப் பெண்கள் இரவில் குடம் தூக்கி நடப்பது சரியா? முறை வைத்துக் குழாயைத் திறக்கலாமே. அந்த முறையை வெயில் வருமுன்பே பேசி முடிக்க வேண்டும். குடம் காய்ந்தபின் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

கூடிப் பேச:

1. நம் லயத்துக்குத் தண்ணி எந்த ஊற்றிலிருந்து வருகிறது? அதன் மேலே இப்போது என்ன நிற்கிறது?
2. தண்ணி பாதியானால் யாருக்கு முதலில் நின்றுபோகும்?
3. முறை வகுக்கும் கூட்டத்தில் தண்ணி சுமக்கும் பெண்களுக்கு இடம் உண்டா?