விற்பனை ஏறினால் லாபம் வருமா?

கேள்வி: வேகமாக வளரும் ஆன்லைன் கடைகள் வருடக்கணக்கில் நஷ்டத்திலேயே ஓடுகின்றனவே, என்றாவது லாபம் பார்க்குமா?

பதில்: பார்க்கும், ஆனால் எல்லாமே அல்ல. 1994-இல் தொடங்கிய அமேசான் முதல் காலாண்டு லாபத்தைக் கண்டது 2001-இன் கடைசியில்தான். முழு ஆண்டு லாபம் 2003-இல். வாடிக்கையாளர் உடனே பணம் கட்டிவிடுவார், சப்ளையருக்குப் பல வாரம் கழித்துக் கொடுத்தால் போதும் என்ற வசதி அதற்குப் பெரிய பலம். வெளி வியாபாரிகளிடம் வாங்கும் கமிஷனும், 2006-இல் தொடங்கிய கிளவுட் சேவையும் பின்னர் கைகொடுத்தன.

மளிகையை வீட்டுக்கே கொண்டுசென்ற வெப்வானோ, ஆர்டர்கள் பெருகுமுன்பே பிரம்மாண்டக் கிடங்குகளைக் கட்டி 2001-இல் திவாலானது.

ஆகவே எந்தக் கடை லாபம் பார்க்கும் என்று கணிக்க, ஒரு ஆர்டரில் பொருளின் விலை, பேக்கிங், டெலிவரி, ரிட்டர்ன் செலவு எல்லாம் போக ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாத கம்பெனியின் பங்கை, அதன் விற்பனை எவ்வளவு ஏறினாலும், தயவுசெய்து வாங்காதீர்கள்.