மானியப் பணம் எந்தக் கஜானாவிலிருந்து வருகிறது?

திண்டுக்கல் சமவெளியில் கிணற்றையும் பருவமழையையும் நம்பிப் பயிர் செய்யும் விவசாயிகளே அதிகம். ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளியும் முருங்கையும், நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகையும், வேடசந்தூர்ப் பகுதியில் மக்காச்சோளமும் சோளமும் பயிராகின்றன. ஆண்டுக்கு ஒரு முறையேனும் இவ்விவசாயிகள் ஏதாவதொரு திட்டத்திற்காக வட்டார அலுவலகத்தின் படி ஏறாமல் இருப்பதில்லை. "நிதி இன்னும் வரவில்லை" என்றோ, "இந்த ஆண்டு இலக்கு முடிந்துவிட்டது" என்றோ சில சமயம் பதில் கிடைக்கும். எந்த அரசின் நிதி வரவில்லை, இலக்கை வகுத்தவர் யார் என்று திருப்பிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. இவ்விவரம் தெரிந்தால்தான் மனுவை எவ்விடத்தில் கொடுப்பது என்பது தெரியும். ஆகவே விவசாயப் பெருமக்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்குக் கூறுவோம்.

அதிகாரம் யாருக்கு?

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. வேளாண்மை, நிலம், நிலப் பதிவேடுகள், நீர்ப்பாசனம், சந்தைகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவை மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. வங்கித் தொழில், வெளிநாட்டு வாணிபம், மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துதல் ஆகியவை மத்தியப் பட்டியலில் உள்ளன. உணவுப் பொருள் வாணிபம், விலைக் கட்டுப்பாடு, மின்சாரம் போன்றவை பொதுப்பட்டியலைச் சேர்ந்தவை. இவற்றில் இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம். முரண்பாடு ஏற்படின், பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும்.

பட்டியலைப் பார்த்தால் விவசாயம் முழுவதும் மாநிலத்தின் பொறுப்பே என்று தோன்றும். ஆனால் அதிக வருவாய் தரும் வரிகள் பெரும்பாலும் மத்திய அரசின் கையில் உள்ளன. செலவுப் பொறுப்பு ஒரு வீட்டிலும் பணப்பெட்டி மற்றொரு வீட்டிலும் இருப்பது போன்ற ஏற்பாடு இது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஐந்தாண்டுக்கு ஒரு முறை நிதிக்குழு அமைக்கப்படுகிறது. 2021–26 ஆண்டுகளுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு, பகிர்ந்தளிக்க வேண்டிய மத்திய வரி வருவாயில் 100 ரூபாய்க்கு 41 ரூபாயை மாநிலங்களுக்கு என ஒதுக்கியது. அந்த 41 ரூபாயில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1 ரூபாய் 67 காசு. செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் மத்திய அரசு வசூலிக்கும் தொகை இந்தப் பங்கீட்டில் சேராது. மாநிலங்களின் நெடுநாளைய மனக்குறைகளுள் இதுவும் ஒன்று. அதில் நியாயம் உண்டு என்றே சொல்ல வேண்டும்.

வரிப் பங்கை மாநிலம் தன் விருப்பப்படி செலவிடலாம். திட்டங்களுக்காக வரும் மத்திய நிதி அப்படிப்பட்டதன்று. அது நிபந்தனையுடன் வருவது. பெரும்பாலான வேளாண் திட்டங்களில் மத்திய அரசு 60 ரூபாய் கொடுத்தால் மாநில அரசு 40 ரூபாய் போட வேண்டும்.

சொட்டு நீர்ப் பாசனம்: ஒரு கணக்கு

நம் பகுதி விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான சொட்டு நீர்ப் பாசனத்தை எடுத்துக்கொள்வோம். பயிர் இடைவெளிக்கு ஏற்ப ஏக்கருக்கு இவ்வளவு என்று அலகுத் தொகை ஒன்று நிர்ணயிக்கப்படுகிறது. மத்தியத் திட்டத்தின்படி சிறு, குறு விவசாயிக்கு அத்தொகையில் 55 சதவீதமும் மற்றவர்களுக்கு 45 சதவீதமும் மானியம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும் ஏனையோருக்கு 75 சதவீதமும் கிடைப்பதற்குக் காரணம், மேற்கொண்டு ஆகும் தொகையை மாநில அரசு ஏற்பதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். அலகுத் தொகை 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு விவசாயியின் 55,000 ரூபாய் மானியத்தில் மத்திய அரசின் பங்கு 33,000. மாநிலத்தின் பங்கு 22,000. மீதமுள்ள 45,000 ரூபாயும் மாநில அரசினுடையதே. எனவே மொத்தத்தில் மத்திய அரசு 33,000, மாநில அரசு 67,000. ஐந்து ஏக்கருக்கு மேல் நிலமுள்ளவருக்கு மத்திய அரசு 27,000, மாநில அரசு 48,000, விவசாயி 25,000 ரூபாய். திட்டத்திற்கு மத்தியத் திட்டம் என்று பெயர் இருப்பினும், நம் மாநிலத்தில் பெரும்பங்கு சென்னையிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்கவும்.

ஆயினும் மத்தியப் பங்கு சிறிது என்று தள்ளிவிட முடியாது. ஆண்டுத் திட்டத்திற்கு ஒப்புதல் அளிப்பதும் நெறிமுறை வகுப்பதும் டில்லியில் நடக்கின்றன. மத்திய நிதி தவணை முறையில் விடுவிக்கப்படுகிறது. முந்தைய தவணையைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றை மாநிலம் அனுப்பிய பின்னரே அடுத்த தவணை வரும். எந்த ஒரு பங்கு தாமதப்பட்டாலும் பணி ஆணை தாமதப்படும். ஆகவே "நிதி வரவில்லை" என்ற பதில் கிடைக்கும்போது, மத்தியத் தவணையா, மாநிலப் பங்கா, அல்லது வட்டார இலக்கு தீர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. ஒவ்வொரு திட்டத்திலும் 100 ரூபாயில் யார் எவ்வளவு என்று அலுவலகச் சுவரில் எழுதி வைத்துவிட்டால் பாதிக் கேள்விகள் எழவே மாட்டா.

சொட்டு நீர்க் கருவிகளுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இவ்வரி பற்றிய முடிவுகளை எடுக்கும் மன்றத்தில் மத்திய அரசின் வாக்கு மதிப்பு மூன்றில் ஒரு பங்கு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்ந்து மூன்றில் இரு பங்கு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவைப்படுவதால், மத்திய அரசு தனித்தும் முடிவெடுக்க இயலாது. மாநிலங்கள் மட்டும் சேர்ந்தும் இயலாது.

கடன், காப்பீடு, உதவித் தொகை

அடுத்தடுத்த காட்டுக்காரர்கள் இருவர் பயிர்க்கடன் வாங்குகிறார்கள். ஒருவர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில், மற்றவர் தேசிய வங்கியில். 2021இல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது கூட்டுறவுக் கடனுக்கு மட்டுமே அது பொருந்திற்று. 2008இல் மத்திய அரசு அறிவித்த தள்ளுபடியோ வங்கிக் கடனுக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் பொருந்திற்று. கூட்டுறவு மாநிலப் பட்டியலிலும் வங்கி மத்தியப் பட்டியலிலும் இருப்பதை நினைவில் கொண்டால் இதன் காரணம் விளங்கும்.

2016 முதல் நடைபெறும் பயிர்க் காப்பீட்டில் காரீஃப் பருவத்திற்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமும், ராபிக்கு 1.5 சதவீதமும், தோட்டக்கலை மற்றும் வணிகப் பயிர்களுக்கு 5 சதவீதமும் விவசாயி செலுத்த வேண்டிய உச்ச அளவு. 30,000 ரூபாய்க் காப்பீட்டிற்கு மொத்தப் பிரிமியம் 3,000 எனில், காரீஃபில் நீங்கள் செலுத்துவது 600. மீதி 2,400ஐ இரு அரசுகளும் சரிபாதியாக ஏற்கும். இரு பங்கும் கட்டப்பட்டால்தான் இழப்பீடு தடையின்றி வரும்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய் பிரதமரின் உதவித் தொகை முழுவதும் மத்திய நிதியே. ஆனால் தகுதியானவரைக் கண்டறிவது மாநிலத்தின் வேலை. அதற்கு ஆதாரம் பட்டா. இறந்துபோன தகப்பனார் பெயரில் பட்டா இருக்குமானால் டில்லிக்கு எழுதிப் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியரையும்தான் அணுக வேண்டும்.

தக்காளி விலை வீழ்ந்தால்

ஒட்டன்சத்திரம் சந்தையில் பறிகூலிக்கும் கட்டாத விலைக்குத் தக்காளி போகும் நாட்கள் உண்டு. நெல், மக்காச்சோளம், பருத்தி போன்ற 22 பயிர்களுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதார விலை அறிவிக்கிறது. தக்காளி, முருங்கை, மல்லிகை அப்பட்டியலில் இல்லை. இத்தகைய அழுகும் விளைபொருள்களுக்குச் சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று ஒன்று உள்ளது. இயல்பான முந்தைய ஆண்டைவிட விலை 10 சதவீதமேனும் குறைந்திருக்க வேண்டும். மாநில அரசு கோரிக்கை அனுப்ப வேண்டும். நட்டத்தில் பாதியை ஏற்கவும் முன்வர வேண்டும். கொள்முதல் செய்யாமல் விலை வித்தியாசத்தை நேரடியாக விவசாயியின் கணக்கில் செலுத்தவும் 2025இல் வழி செய்யப்பட்டது.

மாநிலம் கேட்காதவரை இத்திட்டம் அசையாது. மாநிலம் கேட்பதற்கு விலைச் சரிவு பற்றிய சான்று வேண்டும். எனவே கமிஷன் மண்டியில் தரும் சீட்டுகளைத் தேதி வாரியாகப் பத்திரப்படுத்தி, விலை சரியத் தொடங்கியதுமே தோட்டக்கலைத் துறையினரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கூட்டாக மனுக் கொடுப்பது நன்று. பறிப்பு முடிந்தபின் கொடுக்கும் மனு கோப்பில்தான் இருக்கும்.

ஊரக வேலைத் திட்டம்

2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு தந்தது. பொருட்செலவில் கால் பங்கு மட்டும் மாநிலத்தினுடையது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 100 நாளை 125 நாளாக்கி, செலவை 60க்கு 40 என்று பிரித்தது. மாநிலத்திற்கான ஒதுக்கீட்டை மத்திய அரசு நிர்ணயிக்கும். அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்தைச் சேரும்.

அச்சட்டத்தில் விவசாயிகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விதி ஒன்று உண்டு. விதைப்பு, அறுவடை மும்முரமாக நடக்கும் காலத்தில், ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வரை இத்திட்ட வேலைகளை நிறுத்தி வைக்க மாநில அரசு முன்கூட்டி அறிவிக்கலாம். மாவட்டம், வட்டாரம், ஊராட்சி வாரியாகத் தனித்தனியே அறிவிக்கவும் இடமுண்டு. காவிரிப் படுகையின் நடவுக் காலம் நமது மானாவாரிச் சோள விதைப்புக்குப் பொருந்தாது. பூப்பறிப்புக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கூலியை நம்பி வாழ்பவர்களுக்கும் அந்த 60 நாள் எப்போது வரும் என்பது முக்கியமானது. ஆகவே நம் ஊரில் ஆள் தேவை மிகுந்த வாரங்கள் எவை என்பதை விவசாயிகளும் தொழிலாளர்களும் கிராம சபையில் கலந்து பேசித் தீர்மானமாக எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளவும்.